தாழம்பாய்க்குக் கட்டிய சிவப்புக் கரை

இல்ஃபோர்டில் நானும் மனைவியும் நடத்தும் சின்னத் தையல் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் போய் நின்றவுடன் மனிதர்களுக்கு வாய் திறந்துவிடும். காற்சட்டையின் இடுப்பைத் தளர்த்த வந்த பஸ் ஓட்டுநர் ஒருவர், "அண்ணை, நான் கொழுக்கேல்ல, மெஷினில தோய்ச்சுச் சுருங்கிப் போச்சு" என்றார். எத்தனையாவது சலவையில் என்று நான் கேட்கவில்லை. கலியாணச் சட்டையை மறுபடி விரிக்க வந்த ஒரு பெண், "நான் எப்பிடி இருந்தனான் எண்டு இந்தச் சட்டைக்கு மட்டும்தான் ஞாபகம்" என்றார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவன் நான். இப்படிக் கண்ணாடிக்கு முன்னால் விழுகிற வார்த்தைகளைப் பொறுக்கித்தான் நான் படித்தேன். அதனாலேயே என்னுடைய காது எப்போதும் கதைக்குத்தான் திறந்திருக்கும். வேலைக்குத் திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் வாடிக்கையாளர்களில் டோங்கா நாட்டுப் பெண் ஒருவர் உண்டு. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. சீருடையின் கையைக் கட்டையாக்கக் கொண்டு வருவார். அவர் சிரித்தால் தொங்கவிட்ட ஹாங்கர்கள் ஆடும். பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் என் நினைவில் அவர் பேச்செல்லாம் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது.

யூலை நெருங்கினால் அவருக்கு வேறு பேச்சு இல்லை. அவருடைய தலைநகரம் நுக்குஅலோஃபாவில் அப்போதுதான் பெரிய விழா. ஹெய்லாலா என்ற ஒரு சின்னச் சிவப்புப் பூவின் பெயரில், ராசாவின் பிறந்தநாளை ஒட்டி நடக்கும். பூச்சோடித்த லொறிகள், பான்ட் வாத்தியங்கள், தேவாலயப் பாட்டுக் குழுக்கள், அழகிப் போட்டி, ஊர் முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். "எங்கட ராசாவுக்கு ஒரு வயசு கூடினா எங்களுக்கு ஒரு கிழமை குறையும், ஒருத்தரும் நித்திரை கொள்ளமாட்டம்" என்பார். கோடைகாலத்தில் லண்டனுக்கும் அந்த ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு எட்டு என்றால் இங்கே காலை எட்டு. "மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை அண்ணை, யன்னல் சீலையை மூடினாக் காணும்" என்று ஒருநாள் சொன்னார். அதை நான் பல நாள் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

போன வருடம் விழாவுக்கு முன்பு ஒரு பையோடு வந்தார். அதே நாளில் லண்டனில் இருக்கும் டோங்கா ஆட்களும் கூடுவார்களாம், அங்கே மகள் ஆடப் போகிறாள், அவளுடைய ஆடையை இடுப்பில் பிடிக்க வேண்டும். கூடவே படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பாய். தாழை ஓலையில் நெய்தது. விழாவுக்கும் தேவாலயத்துக்கும் போகும்போது அவர்கள் உடுப்புக்கு மேலே இடுப்பைச் சுற்றிப் பாய் கட்டுவார்கள், அதுதான் மரியாதை. இது அவருடைய தாயின் பாய். தலைநகரத்து ஊர்வலங்களில் தாய் கட்டி நடந்தது. கட்டுகிற கயிறு மட்டும் பாயிலிருந்து விட்டுப் போயிருந்தது.

"கயிறு மட்டும் தைச்சாக் காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டு, தாய் ஒருதடவை ஊர்வலத்தில் பான்ட் வாத்தியக்காரனுடைய கொம்புக்குள் பூவைச் செருகிவிட்டு ஓடிய கதையைத் தொடங்கினார். நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அவர் போன பிறகு பையை உள்ளே கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். கொம்புக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில், "இந்தப் பாயையும் ஒருக்காப் பாரும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

பாயின் ஓரம் முழுக்க இழை இழையாகப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஓரம் பிரிந்த பாயைக் கண்டால் எங்கள் பெண்களுக்குக் கை சும்மா இராது. துணி வைத்துக் கரை கட்டினால்தான் ஆறும். மனைவி இழைகளை ஒட்ட நறுக்கி, கடையில் இருந்ததிலேயே நல்ல சிவப்புச் சாட்டினில் கரை பிடித்திருந்தாள்.

"அந்தப் பூவும் சிவப்பெண்டு சொன்னனீங்களல்லோ? காசு ஒண்டும் வேண்டாம். பாவம், பிஞ்ச பாயோட பிள்ளை சபைக்குப் போகப் போகுது."

பார்த்தபோது எனக்கும் வடிவாகத்தான் இருந்தது. "கடையில வாங்கினது மாதிரி இருக்கு" என்றேன். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் இல்லை. மகள்தான் வந்து பையை எடுத்துப் போனாள். திறந்து பார்க்கவில்லை. "அம்மா உங்க ரெண்டு பேரையும் சனிக்கிழமை கட்டாயம் வரட்டாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பார்க்கிங்கில் ஒரு மண்டபம். மனைவி பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். உண்மையைச் சொன்னால், நாங்கள் பாராட்டு வாங்கத்தான் போனோம்.

மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. அதில் அந்த ஊரின் இரவு. விளக்குகள், நெரிசல், நேரலையில் கை காட்டும் பிள்ளைகள். இங்கே யன்னலில் வெயில், கையில் தேநீர். மண்டபத்தில் எல்லோருடைய இடுப்பிலும் பாய். கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தேன். பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. இளசுகளின் பாய்கள் புத்தம் புதிதாக மினுங்கின. முன்வரிசையில் எல்லோரும் குனிந்து வணங்கிப் போன முதியவர்களுடைய பாய்கள் கந்தலாகக் கிடந்தன.

பக்கத்தில் இருந்த டோங்காக்காரரிடம், லொறி ஓட்டுபவராம், ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டேன்.

"பழசு எண்டாத்தான் பெறுமதி" என்றார். "கிழிஞ்சிருக்கிறதைப் பாத்தாத் தெரியும், எத்தனை பேர் கட்டின பாய் எண்டு. புதுசை ஆரும் வாங்கலாம். கிழிசலைக் கடையில வாங்கேலாது."

கையில் இருந்த தேநீரை நான் குடிக்கவில்லை.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"ஒண்டுமில்லை."

அப்போது எங்களைக் கூப்பிட்டவர் உள்ளே வந்தார். இடுப்பில் தாயின் பாய். ஓரம் முழுக்கச் சிவப்புக் கரை, கோடு போட்டது போல நேராக. மனைவி என் விலாவில் முழங்கையால் இடித்தாள். "இஞ்சேருங்கோ, பாருங்கோ. இவ்வளவு சனத்துக்குள்ள அவவின்ரதான் எடுப்பா இருக்கு."

எடுப்பாகத்தான் இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, அவருடைய தாயின் தங்கையாம், கையைக் காட்டிக் கூப்பிட்டார். கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு குரல் உயர்ந்தது. எனக்குப் பாஷை விளங்கவில்லை. ஆனால் ஏச்சுக்கு எந்தப் பாஷையிலும் ஒரே சத்தம். அவர் தலை குனிந்து நின்று ஏதோ பதில் சொன்னார். சொல்லும்போது எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்து, புன்னகைத்து, உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

"என்ன சொல்லுறா?" என்று லொறிக்காரரைக் கேட்டேன்.

"தானே வெட்டித் தானே தைச்சவவாம். விழாப் பூவின்ர நிறம் எண்டு ஆசைப்பட்டுச் செய்தவவாம். சின்னம்மா கேக்கிறா, உன்ர அம்மா இருந்தா இதைப் பாத்து என்ன செய்திருப்பா எண்டு."

எங்களை விருந்தாளிகளாகக் கூப்பிட்டவர், விருந்தாளிகளுக்காக முழுச் சபையில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இனி மறைக்க முடியாது. மனைவியின் காதில் சொன்னேன். கிழிசலின் கணக்கைச் சொன்னேன். ‘கயிறு மட்டும்’ என்று அவர் சொன்னதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. மனைவி சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. மகள் நடுவில் வந்து நின்றாள். எண்ணெய் பூசிய தோளும் கையும் வெயிலில் பளபளத்தன. கைவிரல்களாலேயே கதை சொல்லும் ஆட்டம். சனம் எழுந்து போய் நோட்டுகளை அவளுடைய தோளில், கையில் ஒட்டியது. எங்கள் சபையில் ஆடுகிற பிள்ளை மேல் காசை ஒட்டினால் அடிபிடி வந்திருக்கும். இங்கே அது கௌரவமாம். தாய் கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளையின் தோளில் பக்குவமாக ஒட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பி வருவாள் என்று பார்த்தேன். அவள் நேரே அந்தச் சின்னம்மாவிடம் போனாள்.

என் மனைவிக்கு ஆங்கிலம் கடைக்குப் போதுமான அளவுதான் வரும். கை கூப்பினாள். பாட்டுக்கு மேலால் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "ஐ கட். மை ஹேண்ட். ஷீ நோ கட். ஸாரி, அம்மா."

சின்னம்மா கூப்பிய அந்தக் கைகளைப் பிரித்து, ஒன்றைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். ஊசி குத்திக் காய்த்த விரல் நுனிகளைத் தடவினார். ஏதோ சொன்னார். லொறிக்காரர் அதற்குள் ஆட எழுந்து போய்விட்டார். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. எழுந்து போய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். கதிரை என்னைப் பிடித்து வைத்திருந்தது என்று சொன்னால் அது கதிரை மேல் போடும் பழி.

அடுத்த கிழமை அவர் கடைக்குப் பாயோடு வந்தார். கரையைப் பிரித்து எடுத்துவிட வேண்டுமாம். மனைவி அழத் தொடங்கினாள். அவர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சின்னம்மா உங்களுக்கு என்ன சொன்னவ, தெரியுமா?" என்றார். "இவ்வளவு நேராத் தைக்கிற கை சொன்னதைத்தான் செய்திருக்கும், ஆர் சொன்னது எண்டு கேள் எண்டு சொன்னவ." சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நான் கயிறு மட்டும் எண்டுதானே அண்ணை சொன்னனான்?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. எனக்கு மறந்திருக்கும் என்றுதான் நினைத்திருப்பார். கரையைப் பிரிக்கத் தொடங்கியிருந்த மனைவியின் கையில் தையல் பிரிக்கும் முள் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள்.

"கொம்புக்குள்ள பூ வச்ச கதை வந்தது. ராசாவின்ர பிறந்தநாள் வந்தது" என்றாள். "அந்த ஒரு சொல்லு மட்டும் வழியில விழுந்திட்டுதோ?"

ஊரார் எல்லோருக்கும் வாய் திறக்கிற கண்ணாடிக்கு முன்னால்தான் நான் நின்றேன். எனக்கு வாய் திறக்கவில்லை. மனைவி முள்ளை என் கையில் வைத்தாள்.

"இந்தாங்கோ. மிச்சத்தை நீங்கள் பிரியுங்கோ."

உட்கார்ந்து பிரித்தேன். சிவப்பு நூல் துண்டு துண்டாக மடியில் விழுந்தது. கரை போன பிறகு பாயின் ஓரம் அளவுகோல் வைத்து வெட்டியது போல நேராக இருந்தது. ஒரு இழைகூட வெளியே இல்லை. அவர் குனிந்து அதைத் தடவினார். "இனி மகள் கட்டட்டும். கட்டக் கட்டப் பிரியும்" என்றார்.

பிறகு கயிற்றைத் தைத்துக் கொடுத்தேன். அது அதுவரைக்கும் தைக்கப்படாமலே இருந்தது. கரையின் மினுக்கத்தில் அதை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். அவர் அன்று சபையில் வேறு கயிற்றால் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் தைத்து முடிக்கும்வரை அவர் கதிரையில் காத்திருந்தார். அன்று அவர் எனக்கு ஒரு கதையும் சொல்லவில்லை.