ஞானமலருக்கு ஒரு நீண்ட பேச்சு

கடல்கடந்து வந்து குடியேறிய டண்டினொங்கில் தமிழர் வீட்டுச் சாவென்றால் பேச்சுக்குக் குறைவிருக்காது. பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், கோயில் சபை என்று வருகிறவர்கள் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்கள். அந்தப் பேச்சுகளை முன்கூட்டியே வாங்கி வெட்டிச் சுருக்கிக் கொடுப்பவர் அன்ரன். கத்தோலிக்கக் குருமடத்தில் கிரேக்கம் படித்து, குருவாகாமல் வெளியேறி, ஞானமலரைக் கட்டி, இங்கே வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவர்.

குருமடத்தை விட்டாலும் கிரேக்கம் அவரை விடவில்லை. பழைய ஏதென்ஸின் வழக்குமன்றத்தில் ஒரு பானைத் தண்ணீர் ஒழுகி முடிவதற்குள் பேசி முடிக்க வேண்டுமாம். ஒரு சொல்லை எடுத்தால் வாக்கியமே விழ வேண்டும், அதுதான் நடை என்பார். அலங்காரப் பூச்சுப் பேச்சைப் பிற்காலத்தவர்கள் 'ஆசிய நடை' என்று பழித்தார்களாம். தானே ஆசியக்காரர், மன்னாரில் பிறந்த மனுஷன், அதையும் பெருமையாகத்தான் சொல்லுவார்.

வீட்டிலும் அதே கத்தரிக்கோல்தான். கறி எப்படி என்று ஞானமலர் கேட்டால், "நல்லம்." புதுச் சேலை எப்படி என்றாலும், "நல்லம்."

நோய் வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்ர செத்தவீட்டில மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசுங்கோப்பா. ஒண்டையும் வெட்டாதேங்கோ."

"ஓம்," என்றார்.

அவள் போனபின் பக்கம் பக்கமாக எழுதவும் செய்தார். 'அன்பே உருவானவள்.' எல்லாரையும் இப்படித்தானே சொல்கிறார்கள்? வெட்டினார். 'என் உயிர்.' மிகை, அதையும் வெட்டினார். அழுதழுதுதான் வெட்டினார், பாவம். கை பழகிவிட்டது.

மண்டபத்தில் எழுந்து வாசித்தார்.

"ஞானமலர் என்னை நம்பி இந்த நாட்டுக்கு வந்தாள். என் பசியறிந்து சமைத்தாள். நான் முன்னால் போயிருக்க வேண்டும்."

இன்னும் பேச வேண்டும் என்று தாளைப் புரட்டினார். மிச்சமெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்தது. "என்ன அழகான பேச்சு" என்று முன்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தபோது அவருக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

மகள் நிஷானி மைக்கை வாங்கினாள். அவள் எதுவும் எழுதி வரவில்லை. அழுது, மூக்கைச் சிந்தி, பாதி இங்கிலீஷில், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அம்மா எவ்ரி டே எனக்கு கோல் பண்ணுவா. அப்பா இண்டைக்கு என்ன சொன்னவர் எண்டு கேப்பன். 'ஒண்டும் சொல்லேல்ல பிள்ளை, ஆனா ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவர்' எண்டுவா. அதைச் சொல்லேக்க, யூ நோ, அம்மாக்கு அவ்வளவு சந்தோசம்."

அன்ரன் கதிரையில் இருந்தபடியே, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.