ஒரே நூல், இரண்டு ஊசி

என் நாத்தனார் சோழவந்தானில் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு, பூஜை அறை வாசலுக்குக் குரோஷா பின்னல் திரை கேட்டாள். இரண்டு பாதி, பாதிக்கு ஒரு கிளி. இரண்டும் மூக்கோடு மூக்கு பார்க்க வேண்டுமாம். ஒரு மாதம்தான் இருந்தது என்பதால், ஒரு பாதியை எனக்கும் மறு பாதியை என் ஓரகத்திக்கும் ஒதுக்கினாள்.

ஓரகத்தி என் கொழுந்தன் மனைவி, திருநகரில் இருக்கிறாள். ஒரு காதுகுத்து விருந்தில் எனக்கு இலை போடாமல் பந்தியை ஆரம்பித்தாள் என்று இரண்டு வருடமாக அவளோடு பேச்சு இல்லை. இந்தத் திரையோடு அது தீர வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை. வீம்பு சொல்ல விடவில்லை.

நாத்தனார் சொல்லுக்காக, திரை விஷயம் மட்டும் பேசிக்கொண்டு, விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் சேர்ந்தே வாங்கினோம். அவள் பளபளக்கும் நூலைத் தடவினாள். இந்தப் பின்னலில் அடைத்த கட்டமும் திறந்த கட்டமும் சேர்ந்துதான் படமாகும். வழுக்கும் நூலில் கட்டம் நிற்காது என்று சொல்லிப் பருத்தி நூல் எடுத்தேன். ஓரவஞ்சனை என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று ஊசியும் ஒரே சைஸில் இரண்டு.

ஒரு வாரம் கழித்து வில்லாபுரத்தில் என் வீட்டுக் கட்டிலில் இரண்டையும் விரித்தோம். அவள் கிளி கொழுகொழுவென்று இருந்தது. என் கிளி நாலு நாள் பட்டினி கிடந்த மாதிரி.

"கட்டக் கணக்கு ரெண்டுலயும் ஒண்ணுதாங்க்கா. ஒங்க கைதான் இறுக்கம்" என்றாள்.

"ஒன் கை தொளதொளன்னு இருக்குன்னு சொல்லு."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோபத்தில் தன் பாதியைக் கட்டிலிலேயே விட்டுவிட்டாள்.

நூலைத் தளர்த்திப் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நினைவு வந்ததும் விரல் தானாக இறுகியது. மறுநாள் அதே கடையில் ஒரு சைஸ் பெரிய ஊசி வாங்கினேன்; ஊசி பெரிதானால் இறுக்கிப் பின்னினாலும் கட்டம் அகலும். என் கை இறுக்கம் என்று ஒப்புக்கொள்வது அம்புட்டு லேசாக இல்லை. ஒரு வார வேலையைப் பிரித்துவிட்டு, பத்து வரிசை பின்னி, அவள் பாதியின் மேல் வைத்தேன். கட்டத்தோடு கட்டம் சரியாக உட்கார்ந்தது.

போன் போட்டேன். "என் கைதான் இறுக்கம். ஊசிய மாத்திட்டேன். வந்து ஒன் கிளியக் கூட்டிட்டுப் போ."

"வாரேங்க்கா" என்றாள்.

பால் காய்ச்சிய அன்று திரையைப் பார்த்தவர்கள் ஒரே ஆள் பின்னியது என்றே நினைத்தார்கள். நாங்கள் திருத்தவில்லை. பந்தியில் அவள் முதல் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு என்னைத் தேடினாள்.

"அக்கா, வந்து உக்காருங்க."