சுவருக்கு ஒரு திரை

உங்களோடு ஒரே நாளில், ஒரே மேசையில் பணம் கட்டியவர் உங்களுக்கு முன்னால் குடி போய்விட்டால் உங்களுக்கு வயிறு எரியாதா? உண்மையைச் சொல்லுங்கள். எரியாது என்று சொல்கிற பெரிய மனசுக்காரர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம். இது எரிந்த ஒருத்தியின் கதை.

தெருவில் அவளுக்கு டெய்லரக்கா என்று பெயர். சட்டை, பேன்ட் தைக்க மாட்டாள், திரைச்சீலை மட்டும்தான். ஊரார் வீட்டு ஜன்னல்களை அளந்தே பாதி ஆயுள் போய்விட்டது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலில் ஜன்னலுக்குப் போகும், அடுத்தது அந்த வீட்டுக்காரியின் முகத்துக்கு. 'இந்த மூஞ்சிக்கு இவ்வளவு வெளிச்சமா' என்று நினைத்துக்கொண்டே டேப்பை நீட்டுவாள்.

அவள் வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே ஜன்னல். ஒரு மூலையில் தையல் மெஷின், எதிர் மூலையில் கட்டில், கட்டிலில் கணவன். அவன் இரவு பஸ் ஓட்டுகிறவன், பகலில்தான் தூக்கம். அவன் தூங்கும்போது மெஷின் ஓடக்கூடாது. அதனால் பகலெல்லாம் சத்தமில்லாமல் துணி வெட்டுவாள், மடிப்புக்கு ஊசி குத்தி வைப்பாள். அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு மெஷினில் உட்கார்ந்தால், கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பாள். மெஷினுக்கென்று தனியாக ஓர் அறை வேண்டும். அவள் வீடு வாங்கத் துணிந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அந்த அடுக்குமாடித் திட்டத்தில் கூடவே பணம் கட்டியவள் அவளுடைய ஓரகத்தி, அதாவது கணவனின் தம்பி மனைவி. குடும்பத்தில் அவளைச் சின்னவள் என்பார்கள். பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். வலியோடு வருகிறவனைக்கூடச் சிரிக்க வைத்து உட்கார வைப்பாள். அவள் ஏ பிளாக்கில் வீடு எடுத்தாள், டெய்லரக்கா பி பிளாக்கில். 'காலை வெயில் எனக்குத்தான் வரும்' என்று அன்றைக்கு டெய்லரக்காவுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

ஒப்பந்தத்தில் எழுதிய தேதி வந்தது, போனது. இரண்டு மழைக்காலங்களும் வந்து போயின. பி பிளாக்குக்கு வெளியே பெயின்ட் அடித்தார்கள். உள்ளே எதுவும் நடக்கவில்லை. ஒரு பக்கம் வீட்டு வாடகை, மறு பக்கம் வங்கித் தவணை. சேல்ஸ் மேனேஜரைக் கேட்டால், "இதோ முடிஞ்சிடும்மா" என்பார். வாங்கியவர்கள் அவருக்கு 'இதோ சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் தலையெழுத்து என்றார்கள். தலையில் யாருக்கும் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தது ஒப்பந்தத்தில். அதை எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் ஏ பிளாக்கில் சாவி கொடுத்தார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைப் பிடித்துக்கொண்டு சின்னவளும் கொழுந்தனும் பல்லெல்லாம் தெரிய நிற்கிற படம் விற்பனை அலுவலகத்தின் சுவரில் ஏறியது. ஏ பிளாக்குக்காரர்கள் குழுவிலிருந்து ஒவ்வொருவராக நழுவினார்கள். முதலில் நழுவியது சின்னவள்.

அந்த வாரமே அவள் போன் செய்தாள். "அக்கா, எல்லா ஜன்னலுக்கும் கர்ட்டன் வேணும். அளவு அனுப்பிட்டேன்."

"நீ அளந்தா உருப்படுமா? நானே வந்து பாக்குறேன்."

"வேணாங்கா, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? தைச்சு வையுங்க, நான் வந்து எடுத்துக்கறேன். அப்புறம் ஹால் சுவருக்கும் ஒண்ணு. மேலேருந்து தரை வரைக்கும், நல்ல கனமான துணியில."

"எந்த ஜன்னலுக்கு?"

"ஜன்னல் இல்லக்கா. சுவருக்கு."

போனை வைத்தாள். கணவன் கண் விழித்ததும் கொட்டித் தீர்த்தாள். "சுவருக்குத் திரையாம்! நமக்கு ஜன்னலுக்கே வழியில்ல, அவளுக்குச் சுவரெல்லாம் சேலை கட்டணுமாம்."

"சுவருக்கும் வெக்கம் இருக்கும்ல" என்று அவன் கொட்டாவி விட்டான்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. உங்க தம்பி சாமர்த்தியசாலி. நீங்க பஸ் ஓட்டத்தான் லாயக்கு."

"வேளாவேளைக்குப் போய்ச் சேர்றது என் பஸ் மட்டும்தான். அதையும் குறை சொல்லு."

அந்தச் சுவர்த் திரையை அவள் தைத்த தையலில் கோபம் முழுக்கத் தெரிந்தது. ஊசி இரண்டு முறை முறிந்தது. ஆனால் மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை. பொறாமைப்பட்டாலும் கை சுத்தம்.

தைத்து முடித்த துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, சின்னவள் வந்து எடுத்துப்போகும் வரை காத்திருக்காமல், மறுநாள் மத்தியானம் தானே கிளம்பினாள். அந்த வீட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். வழியில் விற்பனை அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

இதோ சார் எழுந்தே நின்றார். "வாங்கம்மா, உங்களைத்தான் நினைச்சேன். அடுத்த வாரமே சாவி தரேன். இதுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

ஒரு பக்கத் தாள். வீட்டை முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், தாமதத்துக்காக இப்போதும் இனியும் எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தது.

"வேலை முடியலையே சார்?"

"சில்லறை வேலைங்கம்மா, நீங்க குடி வந்ததும் இதோ முடிச்சிடுவோம். உங்க ஓரகத்தி படிச்சுக்கூடப் பாக்கல, சட்டுனு போட்டுட்டுப் போனாங்க. அங்க பாருங்க, எவ்வளவு சந்தோஷம்!"

சுவரிலிருந்து சின்னவள் சிரித்தாள். டெய்லரக்கா பேனாவைத் திறந்துவிட்டாள். ஆனால் வீடு இருவர் பெயரில் இருந்ததால் கணவனின் கையெழுத்தும் வேண்டும். "நாளைக்கு அவரோட வரேன்" என்று தாளைப் பையில் திரைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு எழுந்தாள். மறுநாள் இந்நேரம் தன் படமும் அந்தச் சுவரில் ஏறும். சின்னவளின் படத்தைவிட ஒரு சாண் மேலே மாட்டச் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

ஏ பிளாக்கில் லிப்ட் இருக்க வேண்டிய இடத்தைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடி ஏறினாள். கதவைத் திறந்த சின்னவளின் முகம் செத்துப்போயிற்று.

"நான்தான் வந்து எடுத்துக்கறேன்னு சொன்னேனேக்கா!"

"ஏன், நான் வந்தா உன் வீடு தேஞ்சிடுமா?"

உள்ளே நுழைந்ததும் ஹால் சுவர் தெரிந்தது. மேல்மாடிக் குளியலறையிலிருந்து இறங்கிய ஈரம் கூரையிலிருந்து தரை வரை கறுத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் மூடியில்லாத மின்பெட்டியிலிருந்து ஒயர்கள் குடலாகத் தொங்கின. சமையலறைக் குழாயைத் திருகினாள், காற்றுதான் வந்தது. வாசலருகே டிரம்களில் லாரித் தண்ணீர்.

டெய்லரக்காவுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அடிவயிற்றில் சில்லென்று ஓர் இனிப்பு. அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

"சிரிங்கக்கா" என்றாள் சின்னவள். "அதுக்குத்தானே மாடி ஏறி வந்தீங்க? சொந்தக்காரங்க வந்தா இந்தச் சுவரைக் காட்ட முடியுமா? அதான் திரை கேட்டேன்."

"போய்க் கேக்க வேண்டியதுதானே அந்த இதோவை?"

"கேட்டேனே! முழுத் திருப்தின்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்கன்னு தாளை நீட்டுறான். இந்த ஜன்னல்லேருந்து உங்க பில்டிங்கைப் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியுது. நீங்க இன்னும் கையெழுத்துப் போடல. நீங்க கேக்கலாம்."

"படிக்காம ஏன்டி போட்ட?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "உங்க அக்கா நாளைக்கே வந்து போடறாங்க, அவங்களுக்கு ஏ பிளாக்குலேயே ஒரு காலி வீட்டை மாத்தித் தரோம்னு சொன்னான். நீங்க எனக்கு முன்னாடி குடி போயிடுவீங்கன்னு..."

டெய்லரக்கா டிரம் மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தன்னிடம் யாரும் எந்த வீட்டையும் மாற்றித் தருவதாகச் சொன்னதே இல்லை. இவளைக் காட்டி அவளிடம் ஒரு கையெழுத்து, அவளைக் காட்டி இவளிடம் ஒன்று. செங்கல், சிமென்ட் இல்லாமல் அந்த நிறுவனம் குறித்த நேரத்தில் கட்டி முடித்தது இந்தப் பொறாமை ஒன்றைத்தான். நம் பொறாமையின் லட்சணமும் அதுதான். பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்துப் புகையுமே தவிர, நம் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவனை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

"உன் ஒப்பந்தத்தை எடு" என்றாள்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முதல் தடவையாக அதை முழுக்கப் படித்தார்கள். வாங்குபவர் தவணை தவறினால் வட்டி என்று இருந்தது. அடுத்த பக்கத்தில், வீட்டைக் கட்டித் தருபவர் தேதி தவறினால் அதே வட்டியை மாதாமாதம் வாங்குபவருக்குத் தரவேண்டும் என்றும், வாங்குபவர் விரும்பினால் முழுப் பணத்தையும் வட்டியோடு திரும்பப் பெற்று விலகலாம் என்றும் இருந்தது. கட்டிடம் முடிந்ததற்கான அரசுச் சான்றிதழ் இல்லாமல் ஒப்படைத்தால் அது ஒப்படைப்பே ஆகாது என்றும் இருந்தது.

"நாம ஒரு தவணை லேட்டா கட்டினப்போ ஒரு காசு விடாம வட்டி வாங்கினானே அக்கா!"

"வாங்கினான்ல? இப்ப அவன் கட்டட்டும்."

பையிலிருந்த தாளை டெய்லரக்கா கிழிக்கவில்லை. சாட்சிக்கு ஆகும் என்று மடித்து வைத்தாள். சுவர்த் திரையையும் மாட்டவில்லை. வெறும் சுவரை ஈரத்தோடும் ஒயரோடும் படம் எடுத்து, குழுவில் போட்டாள். சின்னவள் அதை ஏ பிளாக்குக்காரர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினாள். மாலைக்குள் நழுவிப் போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு சுவர் இருந்தது.

வீடு வாங்குவோர் புகார்களை விசாரிக்கிற அலுவலகத்தில் ஓர் அதிகாரியம்மா சின்னவளின் தாளைப் படித்தாள். "சாவியைக் காட்டி வாங்கின கையெழுத்தோடு வழக்கு முடிஞ்சுபோகாது. ஆனா போடாம இருந்திருந்தா உங்களுக்கு இன்னும் சுலபம்" என்றாள். இருவரும் புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது, மெஷின் இன்னும் கட்டிலுக்கு எதிர் மூலையில்தான். வரிசையில் முந்திக்கொண்ட சின்னவளுக்கு முந்தின புகார் எண் கிடைத்ததில் டெய்லரக்காவுக்கு இன்னமும் கொஞ்சம் எரிகிறது. போகட்டும்.

நீங்களும் எங்கேயோ பணம் கட்டிக் காத்திருக்கிறவராக இருக்கலாம். எதிர் பிளாக்கில் விளக்கு எரிவதைப் பார்த்து உங்களுக்கும் வயிறு எரியலாம். எரியட்டும், தப்பில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து எரியாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்து, தேதி இருக்கிற பக்கத்தைப் படியுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு படியேறிப் போய், விளக்கு எரிகிற அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "எதில் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பாருங்கள்.