பாபநாசம் வழியா, போணக்காடு வழியா

அகத்தியர் மலைக்கு ஏற இப்போது ஒரே வழிதான். போன மாதம் என் மகன் செல்போனில் பாஸ் எடுத்தபோது போணக்காடு என்று மட்டும்தான் வந்தது. பாபநாசம் பக்கமிருந்து யாரையும் விடுவதில்லையாம். எந்த வழி என்று யோசிக்கும் தொல்லை அவனுக்கு இல்லை. எனக்கு அந்தத் தொல்லை ஒன்பது வயதில் வந்தது.

அப்பா மலைக்கு மேற்கே, மலையாளத்துக்காரர் ஊரான கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் டீ மாஸ்டர். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஒரு மழைக்காலம் முழுக்க எனக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்ததில், பையன் பிழைத்தால் மலையேறி வந்து கும்பிடுவான் என்று அம்மா அகத்தியருக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்துவிட்டேன். நேர்ந்தது அவள், ஏறவேண்டியது நான். அந்தக் காலத்தில் பெண்களை மேலே விடமாட்டார்கள்.

மலை ஒன்று, பக்கம் இரண்டு. இந்தப் பக்கம் விதுரை தாண்டிப் போணக்காடு. கிழக்கே அந்தப் பக்கம் பாபநாசம். அங்கே மலையடிவாரத்தில்தான் அம்மா பிறந்த வீடு. ஒரு கல்யாணப் பந்தியில் பெரிய மாமாவோடு அப்பா முறைத்துக்கொண்டு வந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு எங்கள் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. தாத்தா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று, சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கெடுக்க வந்த அம்மாவின் ஊர்க்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மலையைப் பற்றித்தான் பேசினாள்.

"பாபநாசம் வழியா போங்க. அணையில போட்டுல போயி இறங்கிட்டா ஆறு கூடவே வரும். வழியெல்லாம் நிழலு. நீங்க ஏறி இறங்குத வரைக்கும் நான் அடிவாரத்துல இருந்துக்கிடுவேன்."

"அடிவாரத்துலன்னா?"

"அடிவாரத்துலதான்."

அப்பா சிரித்தார். "நீ ஏறிப் பாத்திருக்கியாட்டி?"

"நீங்க பாத்திருக்கீங்களோ?"

இருவருமே ஏறியதில்லை. ஆனாலும் அப்பா தட்டில் சோற்றைக் குவித்து, தன் பக்கத்தில் அப்பளத் துண்டு ஒன்றை நட்டு, இதுதான் போணக்காட்டுப் பாறை, காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் இங்கே நிற்கலாம் என்றார். அம்மா மறுபக்கத்தில் கரண்டியால் ரசத்தை மெல்ல ஊற்றினாள். "இதான் ஆறு. இது ஓரமாவே நடந்தா எப்படி வழி தப்பும்?" என்றாள். அப்பா கிழக்குப் பக்கத்தை ஆற்றோடு சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார்.

மறுநாள் ஓட்டலில் அவரோடு வேலை பார்த்த விதுரைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வாசலில் நின்றபடியே, "சேச்சி பேடிக்கண்டா. மோனெ ஞான் நோக்கிக்கோளாம்" என்று, பையனைத் தான் பார்த்துக்கொள்வதாக மலையாளத்தில் தைரியம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்கும் மசியவில்லை.

கடைசியில் அப்பா, "போறவன் அவன். அவன்ட்டயே கேளு" என்றார்.

அம்மா என் முன்னால் உட்கார்ந்தாள். "எய்யா, நீ சொல்லு. ஆத்துப் பக்கமாத்தானே போவோம்?"

எனக்கு மலையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. அந்த வீட்டைப் பற்றி இருந்தது. கடைசியாக அங்கே போயிருந்தபோது, தாகத்தில் இங்கே மலையாளத்தில் தண்ணீர் கேட்கிற மாதிரியே வெள்ளம் வேணும் என்று கேட்டுவிட்டேன். "ஏலே, வெள்ளம் வந்துட்டுல, எல்லாரும் ஓடுங்க!" என்று மாமா பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் என்னைப் பார்த்தாலே வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் காட்டினார்கள். தண்ணீர் கேட்கவே கூசி, கிணற்றடியில் வாளியில் வாய் வைத்துக் குடித்தேன்.

"போணக்காடு" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். "சரி. பிள்ளை சொல்லிட்டான்" என்று எழுந்துபோனாள். பொரி, அவல், அட்டைக்குப் போட உப்பு எல்லாம் அவள்தான் கட்டிக் கொடுத்தாள்.

தை மாதத்தில் ஏறினோம். கடைசிப் பாறையில் விதுரைக்காரர் முன்னே கயிற்றைப் பிடித்து ஏற, அப்பா என்னைப் பின்னாலிருந்து தள்ளினார். மேலே ஒரே மஞ்சுமூட்டம். கும்பிட்டுவிட்டு இறங்கப் போகும்போது கிழக்கே ஒரு நிமிஷம் விலகியது. கீழே அணைத் தண்ணீரும், அதற்கப்பால் பச்சையாக வயல்களும் தெரிந்தன.

"அதோ, ஒங்கம்மை ஊரு பக்கம்" என்றார் அப்பா. மறுபடி மஞ்சு மூடிய பிறகும் அவர் அங்கேயே நின்றார். விதுரைக்காரர்தான் வந்து கூப்பிட்டார்.

தாத்தா அந்தச் சித்திரையைத் தாண்டவில்லை. அப்பாவும் சேர்ந்துதான் போனோம். முகத்தை மூடியிருந்த துணியை விலக்கித்தான் அம்மாவுக்குக் காட்டினார்கள். ஆனால் மலையிலிருந்து நாங்கள் திரும்பிய அன்று அவர் உயிரோடு இருந்தார்.

அன்று அம்மா என் காலில் அட்டை கடித்த இடங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"மேல இருந்து அந்தப் பக்கம் தெரிஞ்சுதாய்யா?"

"தெரிஞ்சுது. வயலெல்லாம் தெரிஞ்சுது."

"வீடு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அவ்வளவு தூரத்துல வீடு எப்படிம்மா தெரியும்? ஆனையே தெரியாது."

அவளும் சிரித்தாள். பிறகு என்னை எழுப்பி நிறுத்தி, "எந்தப் பக்கம்னு கையைக் காட்டு" என்றாள். காட்டினேன். அப்படியில்லை என்று என் தோளைப் பிடித்துச் சற்றுத் திருப்பி, மறுபடி காட்டச் சொன்னாள். காட்டினேன்.

என் கைக்கு நேரே இருந்த சுவரையே பார்த்தபடி அம்மா வெகுநேரம் நின்றாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பல்லிகூட இல்லை.