மார்கழியில் போன சீட்டு

1. ஜங்ஷன் டிராவல்ஸ்

"சீட்டு போயிட்டும்மா. உவரிப் பிள்ளை ஒண்ணு அந்த இடத்துக்குப் போயிட்டு" என்றார் காதர் பாய்.

திருநெல்வேலி ஜங்ஷனில் டிராவல்ஸ் வைத்திருந்தவர் அவர். மாலத்தீவுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பிடித்துக் கொடுக்கும் திருவனந்தபுரம் ஏஜென்சிக்கு எங்கள் பக்கம் அவர்தான் ஆள். தொண்ணூறுகளின் தொடக்கம். பொங்கல் லீவு முடிந்து அன்றுதான் கடை திறந்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அப்பா உங்ககிட்ட பேசிட்டதா சொன்னாங்களே. தை மாசம் போகலாம்னு நீங்க ஒத்துக்கிட்டதா சொன்னாங்களே."

"நான் எங்கம்மா ஒத்துக்கிட்டேன்? கேட்டுப் பாக்கேன்னுதான் சொன்னேன். கேட்டேன். பள்ளிக்கூடம் தொறக்க அன்னைக்கு டீச்சர் வகுப்புல நிக்கணும்னுட்டான். உங்கப்பாட்ட அன்னைக்கே போன்ல சொன்னேனே."

அப்பா என்னிடம் சொல்லவில்லை. பொங்கலும் வைத்து, கரும்பும் தின்று, ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நான் பல வருடம் வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இளம் ஆசிரியைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "எந்த மாசம் அப்ளை பண்ணணும் மேடம்?" எங்கள் காலத்துக் கணக்கைச் சொல்கிறேன். மாலத்தீவில் பள்ளி ஜனவரியில் திறக்கும். தீபாவளி கழிந்ததுமே இன்டர்வியூ தொடங்கிவிடும். வளைகுடாவிலுள்ள இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும். ஜனவரி, பிப்ரவரியில் ஆள் எடுப்பார்கள். செப்டம்பரில் திறக்கும் பள்ளிகளுக்கு மார்ச்சிலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? முழுப்பரீட்சை முடிந்து, பேப்பர் திருத்தி, ஊருக்குப் போய் வந்து, மே மாதம் சாவகாசமாக பயோடேட்டாவை டைப் அடிக்கக் கொடுப்பார்கள். அதற்குள் பாதி இடம் நிரம்பிப் போயிருக்கும். தேதிகள் இப்போது கொஞ்சம் மாறியிருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

இது எனக்கு முதல் தடவையே தெரியும். சரியான மாதத்தில்தான் போனேன். அப்படியும் சீட்டு போயிற்று.

2. டெமோ கிளாஸ்

இன்டர்வியூ திருவனந்தபுரத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் நடந்தது. மாலத்தீவுத் தலைநகர் மாலேயிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர், ஏஜென்சிக்காரர் ஒருவர். தமிழோ மலையாளமோ ஒரு சொல்லும் வராமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டென்ஸ் நடத்திக் காட்டச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் போர்டில் கட்டம் போட்டு விளக்கினார்கள். என் கைப்பையில் மதியத்துக்கென்று வாங்கிய நேந்திரம்பழம் இருந்தது. அதை எடுத்துக் காட்டி "ஐ வில் ஈட்" என்றேன். உரித்துக் கடித்தபடியே "ஐ ஆம் ஈட்டிங்" என்றேன். தோலைத் தூக்கிக் காட்டி "ஐ ஏட்" என்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த உவரிக்காரி ஜெசிந்தா கை தட்டினாள். எனக்கு அன்றே ஆஃபர் லெட்டர் கிடைத்தது. ஜெசிந்தாவை வெயிட்டிங் லிஸ்டில் போட்டார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் ஜாயின் பண்ண வேண்டும். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் ராஜினாமா கொடுத்தேன். கரஸ்பாண்டன்ட் குதித்தார்.

"பத்தாங்கிளாஸ் பிள்ளைகள நட்டாத்துல விட்டுட்டுப் போறியளே டீச்சர், நல்லா இருக்கா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கிற மனிதர், நியாயத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அவற்றைத் திரும்ப வாங்க அரைப்பரீட்சை முடிகிறவரை அவர் அறை வாசலில் நின்றேன். கொடுத்த கையோடு என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்க ஆரம்பித்தேன்.

3. மார்கழி

என் அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஆஃபர் லெட்டரைக் காட்டியபோது சந்தோஷப்பட்டார், எதிர் வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். டிக்கெட் தேதி வந்த அன்று காலண்டரைப் பார்த்தார்.

"மார்கழில்லா வருது. மார்கழியில பிள்ளைய கடல் தாண்டி அனுப்புனேன்னா நாலு பேரு என்ன சொல்லுவாவ? தை பொறக்கட்டும். காதர்ட்ட நான் பேசுதேன்."

"அண்ணன் மஸ்கட் போனதும் மார்கழியிலதானப்பா?"

"அவன் கதை வேற. விசா வந்துட்டு. வந்த பொறவு போகாண்டாமா?"

"எனக்கும்தான் வந்துருக்கு."

"ஏட்டி, எதுக்கெடுத்தாலும் வக்கீல் கணக்கா பேசாத."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "அப்பா சொல்லுதாவல்லா, கேளு" என்றாள். என் பாஸ்போர்ட் அப்பாவிடம் இருந்தது. மறுநாள் ஜங்ஷன் வரை போய் வந்தவர், காதர் பாய் சம்மதித்துவிட்டதாகச் சொன்னார். நம்பினேன். அப்பா சொன்னால் நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மார்கழி முடிகிறவரை வேலையில்லாமல் வீட்டில் கிடந்தேன். விடியுமுன் கோயில் ஸ்பீக்கர் பாட ஆரம்பிக்கும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிடும். சாமி மேல் கோபமில்லை. அவர் யாருடைய டிக்கெட்டையும் மாற்றச் சொல்லவில்லை.

4. தை

காதர் பாய் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன், தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சரி, போனா போவுது. இப்பம் என்ன குடியா முழுகிட்டு? வார வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரத்துல இருந்து உன்னயப் பாக்க வாராவ" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மார்கழி ஒரு சாக்கு. வரன் ஒன்று கார்த்திகையிலேயே பேச்சில் இருந்திருக்கிறது. தை பிறந்து அவர்கள் வருகிறவரை நான் ஊரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரியம். அதை என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது வேறு. மாதத்தின் மேல் பழியைப் போட்டு என்னை ஏமாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். கேசரி, வடை, காபி எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"பொண்ணு எந்த ஸ்கூல்ல வேலை பாக்குதா?"

"இப்பம் பாக்கலை. விட்டுட்டா."

"அப்படியா. வேலை பாக்க பொண்ணுன்னுல்லா தரகர் சொன்னாரு. சரி, போயிட்டு யோசிச்சுச் சொல்லுதோம்."

யோசித்து ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண் வேண்டுமென்று வந்தவர்களுக்காக, என் வேலையைக் கெடுத்து வைத்திருந்தார் என் அப்பா. அன்று இரவு அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மீதியிருந்த வடையை ஒன்றுவிடாமல் தின்றேன்.

ஜூன் வரைக்கும் ஊரில் எந்தப் பள்ளியிலும் ஆள் எடுக்க மாட்டார்கள். வளைகுடாவுக்கு எழுதலாமென்றால் பாஸ்போர்ட் அப்பாவிடம் இருந்தது. ஜங்ஷனில் ஒரு டுடோரியலில், ஃபெயிலான பையன்களுக்கு ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் நடத்தி ஜூன் வரை ஓட்டினேன்.

5. அடுத்த மார்கழி

ஜூனில் வேறொரு பள்ளியில் சேர்ந்தேன். அட்டெஸ்ட் செய்த நகல்தான் தருவேன், ஒரிஜினல் தர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். டிசம்பரோடு போய்விடுவேன், அதற்குள் பாடத்தை முடித்துக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மனுஷி, ஒத்துக்கொண்டார். அப்பா கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் பாஸ்போர்ட்டை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நவம்பரில் மறுபடி திருவனந்தபுரம், மறுபடி டெமோ, மறுபடி செலக்‌ஷன். டிக்கெட் மறுபடியும் மார்கழியில்தான்.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வார புதன்கிழமை கெளம்புதேன்பா."

"தை பொறக்கட்டுமே..."

"தை பொறந்ததும் அங்கன இருந்து லெட்டர் போடுதேன்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். கிளம்புகிறவரை என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. திருவனந்தபுரம் பஸ் வள்ளியூரைத் தாண்டுகிறவரை, யாராவது பின்னால் வந்து என்னை இறக்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

மாலே படகுத்துறையில் ஜெசிந்தாவைப் பார்த்தேன். ஒரு வருடத்தில் அவள் சீனியர் ஆகியிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்க வராததுனாலதான் எனக்குக் கெடச்சுது. எதுக்கு வரல?" என்று கேட்டாள்.

"மார்கழி" என்றேன்.

"அதுக்கு?"

அவள் கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்ட கையோடு விமானம் ஏறி வந்தவள். அவளுக்கு என்னவென்று விளக்குவது? பேச்சை மாற்றிவிட்டேன்.

6. காபி நேரம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர். ஆண்டு விடுமுறைக்கு திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. சித்தப்பா மகன் சேது எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். அவனுக்கு மாலத்தீவில் வேலை கிடைத்திருந்தது. சித்தி இழுத்தாள்: "மார்கழியா இருக்கே அத்தான், தை பொறந்து அனுப்புவோமா?"

என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன பேச்சுப் பேசுதிய? ஏலே சேது, சீட்டு உனக்காவக் காத்துக்கிட்டு கெடக்குமா? இந்தா கோமதி இருக்கால்லா. மொத வருசம் அலட்சியமா இருந்து சீட்ட விட்டுட்டா. அடுத்த வருசம் மறுபடி அலைஞ்சா. நீ ஒடனே கெளம்பு."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்பினார். இத்தனை வருடத்தில் அவர் மனதில் அது என் தப்பாக மாறியிருந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன். "நான் விடலைப்பா. நீங்க விட்டிய. காதர் பாய் உங்ககிட்ட சொன்னத எங்கிட்ட மறைச்சிய."

அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பழசெல்லாம் இப்பம் எதுக்கு?" என்றார்.

சித்தி என்னைப் பார்த்து, "அப்பாட்ட இப்படியா பேசுவாவ? வெளிநாட்டுச் சம்பளம் பேசுது" என்றாள்.

அங்கே இருந்தால் இன்னும் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். அங்கே சேதுவின் அக்கா வள்ளி எல்லோருக்கும் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். தம்பியைவிட நல்ல மார்க்கு. திருவனந்தபுரம் இன்டர்வியூவுக்கு அவளையும் கூட்டிப் போக வேண்டும் என்று எங்கள் வீட்டு ஹாலில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றவில்லை, சித்தப்பாவுக்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து சேதுவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

நான் அடுப்பை அணைத்தேன்.

"வள்ளி, மாலத்தீவு இந்த வருசம் முடிஞ்சுபோச்சு. வளைகுடா ஸ்கூலுக்கு அடுத்த மாசம் ஆள் எடுப்பான். பயோடேட்டாவ இன்னைக்கே எழுது, நான் டைப் அடிச்சுத் தாரேன்."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தாள். "அக்கா, அப்பாட்ட யாரு கேக்கது?"

"யாருட்டயும் கேக்காத. அப்பாட்ட கெளம்புத தேதிய மட்டும் சொல்லு."