மழை பெய்தால் நிற்கும் மெஷின்

மெஷினை மேய்த்துவிடலாம், ஆளை மேய்ப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. சூப்பர்வைசராக இருந்து நொந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மாட்டிக்கொண்டிருந்தேன். இந்த சீசன் மெஷின் நிற்காமல் ஓடினால் என் வேலை நிரந்தரம், நின்றால் ஃபேக்டரிக்கே பூட்டு என்று மெட்ராஸ் முதலாளி சொல்லியிருந்தார்.

ஆனி மழை

மெஷின் ஓட்டுபவன் பாலசமுத்திரத்து முனிரத்தினம். தலைகீழாக நின்று அவனைப் பழக்கியிருந்தேன். ஆனியில் ஒரு நல்ல மழை பெய்தது. மறுநாள் பாதி ஆட்களைக் காணோம். லாரி லாரியாகப் பழம் வாசலில் அழுக ஆரம்பித்தது.

முனிரத்தினமும் ஊருக்குக் கிளம்ப மூட்டையோடு வந்து நின்றான். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் அசரவில்லை.

“மெஷினு நாளைக்கும் இருக்கும் சார், ஈரம் இருக்குமா? இப்ப வேர்க்கடல போட்டாத்தான் புள்ளைங்க வருசம் பூரா துன்னும்.”

ஜப்பான்காரர்

மெஷினைப் பொருத்திக் கொடுக்க வந்திருந்த ஜப்பான் இன்ஜினியர் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் நெல் விளைத்தவராம். உங்கள் ஊரில் மட்டும் விவசாயிகள் ஃபேக்டரிக்கு வந்து எப்படி ஐயா தங்கினார்கள் என்று எரிச்சலோடு கேட்டேன். பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுத்தார்கள் என்றார் சாதாரணமாக.

மெட்ராஸுக்கு ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“மாமரத்தைப் பன்னெண்டு மாசமும் காய்க்கச் சொல்லுய்யா, சம்பளத்தை நான் தர்றேன்.”

திருப்பதி

விதைப்பு முடிந்தும் முனிரத்தினம் திரும்பவில்லை. ஊருக்குப் போய் விசாரித்தால் திருப்பதியில் இருக்கிறான் என்றார்கள். சாமி கும்பிடத்தான் போயிருப்பான் என்று நம்பிப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வெந்நீர் பக்கெட் தூக்கிக்கொண்டிருந்தான்! அழாத குறையாகக் கூப்பிட்டேன்.

“மாம்பழத்துக்கு சீசன் கீது, மழைக்கு சீசன் கீது, சாமிக்கு ஏது சார் சீசன்? ஜனம் வந்துக்கினே கீது, மாசம் பொறந்தா எனக்கு சம்பளம்.”

பூட்டு

அந்த வருடமே மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். வேலையில்லாமல் அலைந்த என்னை, லாட்ஜ் மேனேஜரிடம் சொல்லி கவுன்டரில் உட்கார வைத்தவன் முனிரத்தினம்தான். ஒருநாள் தரிசனத்துக்கு வந்த பழைய முதலாளி ரூம் கேட்டு எதிரில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“நீயாய்யா? பரவால்லையே, நிரந்தரமான இடமாப் புடிச்சிட்டியே!”

ஜப்பானில் வயலை விட்டவன் மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தான், நம் ஊரில் நானும் முனிரத்தினமும் மெஷினைத் தாண்டிக் குதித்து நேராக வெந்நீர் பக்கெட்டுக்கு வந்துவிட்டோம்.