ஜாதிக்காய்த் தோட்டத்தில் பெயர் கேட்டவர்

எழுதத் தெரியாதவன் எழுதுகிறேன், முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். நான் இருப்பது தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரில் வேலை. பேய், ஆவி இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போவேன், அவ்வளவுதான். யாராவது பேய்க் கதை சொன்னால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படி எழுந்து போனால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சேவியர் என்று பெயர், கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் இருந்தார். கோவிட் காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாலத்தைத் தாண்டிப் போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். சில நாளில் முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றி நேரே கல்லறைக்குக் கொண்டுபோனதை அண்ணன் மகன் போனில் படம் பிடித்து அனுப்பினான். தூரத்திலிருந்து எடுத்தது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் தெரிந்தார்கள், அண்ணன் தெரியவில்லை. முகம் பார்க்காததால் அவர் செத்துப்போன மாதிரியே எனக்கு இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்ற நினைப்பு உள்ளேயே கிடந்தது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சைக்கிள், சர்க்கரை வியாதியால் வந்த பழக்கம். கூட்டத்தோடு ஓட்டினால் பேச வேண்டியிருக்கும், அதனால் தனியாகத்தான் போவேன். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை சின்னக் கூடாரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு தெலுக் கும்பார் வழியாக பாலிக் பூலாவ் போய், அங்கிருந்து தெலுக் பாஹாங் போகிற மலைப்பாதையில் ஏறினேன். அந்த ஏற்றத்தை ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவு முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஒரு பக்கம், விழுகிற பழத்தைத் தாங்க வலை கட்டிய டுரியான் மரங்கள். இன்னொரு பக்கம் கீழே பச்சையாக வயல், அதற்கப்பால் கடல். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், இருந்தாலும் அன்றைக்கு மனசு லேசாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மேலே ஒரு வளைவில் தமிழ்ப் பெண் ஒருவர் ஜாதிக்காய்த் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னாண்ணே, இந்த வயசுல சைக்கிள்ல மலை ஏறுறீங்க, வீட்டுல அக்கா வெரட்டி விட்டுட்டாங்களா?"

"இல்லம்மா, சும்மா எக்சசைஸ்."

"எக்சசைஸ்னா கீழ பாடாங் மைதானத்துல ஓடலாம்லா. இங்க விழுந்தா தூக்கக்கூட ஆள் இல்ல."

ராத்திரி தங்க இடம் கேட்பதற்குள் எனக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர் போய்விட்டது. அவர் உடனே சரி என்றார். "பின்னால எங்க தோட்டத்துல போட்டுக்குங்க. டுரியான் மரத்துக்கு அடியில மட்டும் வேணாம், பழம் தலையில விழுந்தா எனக்குல்ல போலீஸ் கேஸு. நான் கடைய சாத்திட்டு மோட்டர் சைக்கிள்ல கீழ போயிருவேன். பயந்துக்க மாட்டீங்கல்ல?"

பயமெல்லாம் இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் சமமான இடம் இருந்தது. அங்கே கூடாரம் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து மெகி மீ நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, கூடவே பனிமூட்டம். கீழே எங்கேயோ மக்ரிப் தொழுகைக்கு அழைக்கிற சத்தம் கேட்டு அடங்கியது. இருட்டு முழுசாக விழவில்லை, ஆள் அடையாளம் தெரிகிற வெளிச்சம் இருந்தது. அந்த நேரத்தில்தான் மேலே போகிற ஒற்றையடிப் பாதையில் ஒருவர் இறங்கி வந்தார்.

தோட்ட வேலைக்காரர் மாதிரி இருந்தார். என்னைவிட இளையவர், மழை பூட்ஸ், முதுகில் கூடை. பக்கத்தில் வந்து ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அண்ணே, மழை பெருசா வரும். மேல வீடு இருக்கு, வந்து படுத்துக்குங்க. பேரு சொல்லுங்க, போயி சொல்லிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

எங்கள் ஸ்டோரில் வேலை செய்கிற மலாய்க்காரர்கள் காட்டுக்குள் போனால் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அங்கே யார் கேட்டாலும் சொந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது என்பார்கள். நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த ஆளின் பூட்ஸைப் பார்த்தேன். அவ்வளவு சேற்றில் இறங்கி வந்தும் அது காய்ந்து கிடந்தது. உடனே அந்தப் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் எனக்குக் கூச்சம். உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரைச் சொல்லவும் மனசு வரவில்லை. செத்தவர் பெயரால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது என்று, "சேவியர்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"சேவியரண்ணே மேலதான இருக்காரு. வந்து ரொம்ப நாளாச்சி. நீங்க யாரு?"

எத்தனையோ சேவியர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. இருமிவிட்டுத் தொண்டையைக் கனைத்து, பிறகு இன்னொரு சின்ன இருமல். சின்ன வயதிலிருந்து பக்கத்து அறையில் கேட்டுப் பழகிய அண்ணன் இருமல் அது. அப்புறம் குரல்.

"யாருப்பா வந்திருக்கா? சின்னவனா?"

என்னைச் சின்னவன் என்று கூப்பிடுகிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

அந்த ஆள் ஒன்றும் வற்புறுத்தவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏறிப் போய் முகத்தைப் பார்த்துவிடலாம். சொன்னால் திரும்பி இறங்கி வர முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். வீட்டில் மனைவி இருக்கிறாள், பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இதெல்லாம் அப்போது நினைத்தேன் என்று சொன்னால் பொய். ஒன்றுமே நினைக்கவில்லை. பயந்தேன்.

அவர் மேலே திரும்பி, சத்தமாகச் சொன்னார்.

"இல்லண்ணே, யாருமில்ல."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு மேலிருந்து, "சரி" என்று கேட்டது.

அவ்வளவுதான். அந்த ஆள் வந்த பாதையிலேயே ஏறிப் போய்விட்டார். இருமல் ஒரு தடவை கேட்டது, இன்னும் தள்ளி. நான் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. அடுப்பில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகியது, அதைக்கூட எடுத்து வைக்கவில்லை. விடிகிறவரை கூடாரத்துக்குள் உட்கார்ந்தே இருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் அந்தப் பாதையில் ஏறிப் பார்த்தேன். கொஞ்ச தூரம்தான், பிறகு செங்குத்தான பாறை, அதில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கடைக்கார அம்மா வந்ததும் மேலே யார் வீடு இருக்கிறது என்று கேட்டேன்.

"மேலயா? பாறையில யாருண்ணே வீடு கட்டுவா? இந்தத் தோட்டத்துல எங்கள விட்டா வேற தமிழாளே இல்ல. ஏன், யாராச்சும் வந்தாங்களா?"

இல்லை என்றேன்.

சாப்பிடாததால் சர்க்கரை இறங்கி மயக்கத்தில் கேட்டிருக்கும் என்பீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மயக்கத்தில் கேட்கிற குரல் கோபித்துக்கொள்ளும், அழும், வா வா என்று கூப்பிடும். இப்படியா சொல்லும்? கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்றதும் வெறுங்கையோடு திரும்புகிற பிள்ளை சொல்லுமே, அந்த மாதிரி ஒரு சரி. இன்றைக்கும் யாராவது போனில் சரி என்று சொல்லி வைத்தால் நான் உடனே திரும்பக் கூப்பிட்டுவிடுகிறேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. தெலுக் பாஹாங் பக்கம் இறங்காமல் வந்த வழியே திரும்பி மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். பூசை தவறிப்போனது. மனைவி மீன் கறி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.